தரம் பிரித்தல்

மிசிசாகா. டிக்சி வீதிக்குப் பின்னால் ஒரு கிடங்கு.
காலை ஆறரைக்குப் பெல்ட் ஓடத் தொடங்கும்.
கோட்டு, கம்பளி, குழந்தைச் சட்டை எல்லாம் மற்றவர்களுக்கு.
எனக்கு ஜீன்ஸ் மட்டும்.
மணிக்கு முந்நூறு.

தூக்கினதும் தெரிந்துவிடும்.
பின்பையில் வட்டமாய் வெளுத்திருந்தால் புகையிலை டப்பா.
நீள்சதுரம் என்றால் கைபேசி,
எந்த வருஷத்துக் கைபேசி என்றும் ஓரளவு சொல்வேன்.
ஒரு முழங்கால் மட்டும் தேய்ந்தவன் தரையோடு பதித்தவன்.
பொத்தான் துளையில் ரப்பர் வளையம் இழுத்த தடம்:
அவளுக்கு அப்போது நாலாம் மாசம்.

சின்னப் பை ஒன்று இருக்கிறதே,
சங்கிலிக் கடிகாரத்துக்கென்று தைத்தது.
கடிகாரம் போய் எத்தனை காலம்.
பையும் செப்பாணியும் இன்னும் போகவில்லை.
அதற்குள் நான் கண்டெடுத்தவை:
பஸ் டோக்கன், பால் பல்,
'மன்னித்துக்கொள்' என்று மட்டும் எழுதித் துவைத்த துண்டு.

சுரங்கத்துக்குள் போனவர்களின் உடுப்பு இது.
பிறகு இதைப் போட்டு வந்த பிள்ளைகளைப்
பள்ளிக்கூடங்கள் வாசலோடு திருப்பி அனுப்பினவாம்.
என் மகனின் அதிபர்
வெள்ளிக்கிழமைகளில் இதோடுதான் வருகிறார்.

மற்றச் சாயங்கள் நூலுக்குள் போய்ப் படுத்துவிடும்.
நீலம் அப்படியில்லை. வாசலிலேயே நிற்கும் விருந்தாளி.
உள்ளே வெள்ளை வெள்ளையாகவே கிடக்கும்.
குனிய, நடக்க, உட்கார
கொஞ்சங் கொஞ்சமாய் விடைபெறும்.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவில்லை.
கிளிநொச்சிக் கொம்பனியில்
புதுக் காற்சட்டையை ரப்பர்க் காலில் மாட்டி
உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை.
முழங்காலுக்கு நாற்பது விநாடி.
யாரும் இறங்காத சுரங்கத்துக்கும்
யாரும் ஏறாத குதிரைக்கும்
தேய்மானம் செய்து கொடுத்தோம்.
கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றவர்கள்
கந்தையாக்கிக் கட்டுகிறவர்களைக் கண்டிருக்கவில்லை.
இரவில் மூக்கைச் சிந்தினால்
நீலமாய் வரும்.

மத்தியானம் எஃபுவாவோடு சாப்பாடு. அவள் அக்ராக்காரி.
இங்கே கட்டும் பொதி அங்கே போய் அவிழும்போது
அதற்குப் பெயர் 'செத்த வெள்ளைக்காரனின் உடுப்பு'.
"இவ்வளவு துணியைச் சாகாமல் யார் விடுவார்கள்?"
சிரித்தாள். முட்டையில் உப்புத் தூவினாள்.
பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
"கரோலினாவில் அவுரித் தொட்டி கலக்கினவர்களைக்
கப்பலேற்றினது எங்கள் கரையில்."
அவுரி எங்கள் பக்கமும் விளைந்தது என்றேன்.
வேறென்ன சொல்வது.
மணி அடித்தது.

வியாழக்கிழமை கோல்ட்டன் வருவான்.
பழசு வாங்கிப் பெருவிலைக்கு விற்கிற பையன்.
கிழிசலைத் தூக்கி என்னிடம் காட்டுவான்:
உண்மையா, பொய்யா?
உண்மை என்றால் அவன் கூடைக்கு.
பொய் என்றால் வெட்டி, கராஜ்களுக்குத் துடைதுணி.
நான் பிழைவிட்டதில்லை.

போன வியாழன் ஒன்று வந்தது.
தொடை மடிப்பின் வெளுப்புக் கோடுகள்
எதிர்ப்பக்கம் சரிந்திருந்தன.
இடக்கைக்காரி.
எங்கள் வரிசையில் இடக்கை நிறோஜினி மட்டும்.
வேறு கொம்பனிகளிலும் இடக்கைகள் இருக்கும்தான்.
இருந்தாலும் மேசையும் தூசியும்
அவள் முகமூடிக்குள் முணுமுணுக்கும் வசவும்
ஒருதரம் வந்து போயின.

அவள் தேய்த்த முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே
இன்னொரு முழங்கால்.
யாரோ எட்டுப் பத்து வருஷம் போட்டு, மண்டியிட்டு,
தானாய்த் தேய்த்தது.
கட்டையான ஆளாக இருக்க வேண்டும்.
ஒரே காலில் இரண்டு முழங்கால்.

"உண்மையா, பொய்யா?"
கோல்ட்டன் கூடையை நீட்டிக்கொண்டு நின்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
விரலால் மேலே தடவினேன், பிறகு கீழே.
மேலே கொஞ்சம் வழுவழுப்பு.

அந்த ஒரு நிமிடத்தில்
ஐந்து காற்சட்டைகள் தரம் பார்க்காமல் என்னைக் கடந்து போயின.
எஃபுவா எட்டி மூன்றைப் பிடித்தாள்.